கொதிக்கக் கொதிக்க எட்டுப் பாட்டு

திருமூர்த்தி வாயைத் திறந்தால் கொசுவும் யானைக்குட்டி போடும் என்பது மேட்டுக்கரையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அவனை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்திருந்தாள் செல்லாத்தாள். வேறு வழி இருக்கவில்லை.

அந்த ஊரில் எந்த விசேஷம் என்றாலும் செல்லாத்தாளின் மைக் செட்தான். குளத்துக்கு அக்கரையிலும் ஒரு மாரியம்மன் உண்டு, ஒரு மைக் செட் உண்டு. இரண்டு கோயில்களிலும் ஒரே வாரத்தில்தான் திருவிழா. போன வருஷம் அக்கரைக்காரர்கள் தங்கள் அம்மன் பேரில் சொந்தமாகப் பாட்டுப் போட்டார்கள். அதோடு விட்டார்களா? "உங்க அம்மனுக்குன்னு ஒரு பாட்டுக்கு வக்கில்லையா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்கள். செல்லாத்தாள் நேராகக் கோயிலுக்குப் போய்ச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். அடுத்த வருஷம் காப்புக் கட்டும்போது மேட்டுக்கரை அம்மனுக்குச் சொந்தப் பாட்டுக் கேட்கும்; கேட்காவிட்டால் ஹாரன் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு இந்த ஊரில் இனி செட் கட்டமாட்டாள்.

அவள் ஏற்பாடு செய்திருந்த பாடகர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது, பக்கத்து டவுனில் கல்யாண வீடுகளில் பாடுகிற திருமூர்த்தி முன்வந்தான். "எட்டுப் பாட்டு, வீட்லயே ரெக்கார்டு பண்ணித் தர்றனுங்கக்கா. ஆல்பம்னா ஆல்பம், அப்படியிருக்கும்."

காப்புக் கட்டும் அன்று சாயங்காலம் ஒரு பென் டிரைவோடு வந்து இறங்கினான். கோயில் வேப்பமரத்தடியில், ஆம்ப்ளிபையர் பெட்டிமேல் அதை வைத்தான்.

"கொதிக்கக் கொதிக்கப் பாடுனதுங்க. இப்பச் சொருகுனா உங்க பெட்டி வெந்துபோயிரும். ஆறட்டும், காலைல போடுங்க. நான் இந்த பஸ்ஸையே புடிச்சுப் போயர்றேன்."

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. காப்புக் கட்டிவிட்டால், ஊருக்குள் இருக்கிற யாரும் திருவிழா முடியும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது. உள்ளூரான், வெளியூரான் என்ற பேச்சே இல்லை.

"இருக்கட்டும். பஸ் வர நேரமிருக்குது. போய் ஒரு சோடா குடிச்சுட்டு வா" என்றாள் செல்லாத்தாள்.

அவன் அந்தப் பக்கம் போனதும் ஹாரனுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கிவிட்டு, பென் டிரைவைச் சொருகி, ஹெட்போனைக் காதில் மாட்டினாள். முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு குக்கர் விசில். பிறகு அவன் பெண்டாட்டியின் குரல்: "எந்திரிங்க. நாலு நாளா இதே கூத்து. ஒரு பாட்டாச்சும் பாடுனீங்களா? அந்தக்காவுக்கு என்னன்னு பதில் சொல்லுவீங்க?" அதற்குப் பதிலாக ஒரு குறட்டை. அவ்வளவுதான் ஆல்பம்.

செல்லாத்தாள் ஹெட்போனைக் கழற்றினாள். பெண்கள் தீர்த்தக் குடங்களோடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். உள்ளே பூசாரி மஞ்சள் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், சோடாக் குப்பியோடு வருகிறவனைப் பார்த்தாள். பென் டிரைவை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஏஞ்சாமி, நாலு நாள்ல எட்டுப் பாட்டு. அதெப்படி முடிஞ்சுது?"

மரத்தின் மேல் ஹாரனைக் கட்டிக்கொண்டிருந்த அவளுடைய வேலையாள் ராக்கியண்ணன், கையிலிருந்த கட்டிங் பிளேயரை நழுவவிட்டான். நாலு வார்த்தைக்கு மூன்று வார்த்தை திட்டுகிற செல்லாத்தாள் இப்படித் தேனொழுகக் கேட்டு அவன் பார்த்ததில்லை.

திருமூர்த்திக்கு அது போதும். உட்கார்ந்துவிட்டான்.

"ரெக்கார்டுன்னா முதல்ல சத்தம் இருக்கப்படாதுங்கக்கா. எங்க தெருவுல இருக்கற கம்பளி, ஜமுக்காளம், மெத்தை அத்தனையும் வாங்கிச் செவுத்துல அடிச்சேன். அப்படியொரு அமைதி. எறும்பு சக்கரை டப்பா மேல நடக்கறது டொக்கு டொக்குனு கேக்குது. என்ற நகம் வளர்றதே கேக்குதுன்னாப் பாருங்க."

"எறும்பு செருப்புப் போட்டிருந்துதா மாப்ள?" என்றது மரத்தின் மேலிருந்து ஒரு குரல்.

"நீங்க கம்பியக் கட்டுங்க மாமா" என்று அண்ணாந்து சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். "முதல் பாட்டை எடுத்தேன். பல்லவிக்கே தகரக் கூரை நாலு பக்கமும் ஆணி கழண்டு, மூடி தொறந்த மாதிரி எந்திரிச்சுருச்சு. மேல பாத்தா ஒரு மேகம் எட்டிப் பாக்குது. சரணத்துக்கு அது அழுதுருச்சு. அடிச்சு ஊத்துச்சுங்க மழை."

"இங்க சொட்டுக்கூட விழலையே" என்றாள் செல்லாத்தாள்.

"எப்படி விழும்? பாட்டு முடியற வரைக்கும் அந்த மேகம் என்ற வீட்டு மேலயேதான் நின்னுச்சு. அப்பறம் கரண்டு போயிருச்சு. போன்ல சார்ஜ் இல்லை. நான் விடுவனா? போனை நெஞ்சோட வெச்சு ரெண்டாவது பாட்டைப் பாடுனேன். பாடப் பாடச் சார்ஜ் ஏறுதுங்க. நூறைத் தாண்டிருச்சு. மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மிக்சிக்குக் குடுத்தேன், சட்னி அரைச்சுக்கிட்டாங்க."

"என்ன சட்னி?"

"தேங்காய்ச் சட்னிங்க." கொஞ்சமும் யோசிக்கவில்லை.

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. திருமூர்த்தி துள்ளி எழுந்து ஒரு காலைச் செருப்பில் நுழைத்தான். "வர்றனுங்கக்கா."

"போ சாமி. அக்கரை ஊர்ப் பாட்டுல எக்கோ பிரமாதமா இருக்குதாம். உன்னோடதுல அதெல்லாம் இருக்காது. மெஷின் இல்லாம நீயென்ன பண்ணுவே, பாவம்."

செருப்பில் நுழைந்த கால் வெளியே வந்தது. புளுகனைக் கட்டிப்போடக் கயிறு வேண்டாம். பாவம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"மெஷினா? எனக்கா? எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு வறண்ட கிணறு இருக்குதுங்க. ஆழம் எவ்வளவுன்னு அதை வெட்டுனவனுக்கே தெரியாது. அதுக்குள்ள குனிஞ்சு மூணாவது பாட்டைப் பாடுனேன். குரல் போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. நான் குளிச்சேன், சாப்பிட்டேன், ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில உக்காந்து எந்திரிச்சேன். மறுநாள் காலைல திரும்பி வந்துச்சு பாருங்க. போனது ஒத்தைக் குரல். வந்தது மேளம், நாயனம், கோரஸ் அத்தனையோடயும்."

"கிணத்துக்குள்ள யாருங்க மாப்ள நாயனம் ஊதுனது? தவளையா?" என்றான் ராக்கியண்ணன்.

"உங்களுக்குச் சங்கீதம் தெரியாது மாமா."

பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திருமூர்த்தி சொல்லிக்கொண்டிருந்தான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் மறைந்தது. கோயிலுக்குள் மணி அடித்தது, அம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று. பூசாரி தாம்பாளத்தோடு வெளியே வந்து, கோயில் வேலை செய்கிறவர்களுக்கு வரிசையாகக் கட்டத் தொடங்கினார்.

"அப்பறம்?" என்றாள் செல்லாத்தாள்.

"அப்பறமென்ன, எட்டுப் பாட்டையும் இந்தப் பென் டிரைவுல ஏத்துனேன். ஒவ்வொரு பாட்டும் ஒரு கருங்கல்லுங்க. சட்டைப் பையில போட்டுக்கிட்டு பஸ்ல ஏறுனா பஸ் ஒருபக்கமாச் சாயுது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்றான். டிரைவர் எந்திரிச்சு என்னைக் கும்புடறான். இந்தா, இப்படிச் சாஞ்சுது" என்று வலது கையை நீட்டிச் சாய்த்துக் காட்டினான்.

நீட்டின கையைப் பூசாரி பிடித்தார். மஞ்சள் கயிற்றைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டு, நெற்றியில் திருநீறும் பூசிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார்.

திருமூர்த்தி கையைப் பார்த்தான். பஸ் நின்ற இடத்தைப் பார்த்தான். மறுபடியும் கையைப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, எனக்கெதுக்குங்க காப்பு?"

"கோயில் வேலை செய்யறவங்களுக்குக் கட்டறதுதானே. தினம் ஒரு பாட்டு. எட்டு நாளைக்கு எட்டுப் பாட்டு. தொண்டைக்கு மிளகுக் கசாயம் நானே வெச்சுத் தர்றேன்." அவள் ஒயரை மாட்டி, மைக்கைத் தட்டிப் பார்த்து, அவன் கையில் திணித்தாள். "உன்ற ஆல்பத்தைக் கேட்டேன். உம் பொண்டாட்டி குரல் நல்லா எடுப்பா இருக்குது. குறட்டையில சுதி சேரலை."

திருமூர்த்தி மைக்கை ஆம்ப்ளிபையர் பெட்டிமேல் மெல்ல வைக்கப் பார்த்தான். அவள் அதை எடுத்து மறுபடியும் அவன் கையிலேயே கொடுத்தாள்.

"கூரை பறக்கும்னு பயப்படாதே, இங்க மரம்தான். கரண்டு போனா நீயே ஏத்திக்குவே. பாடு."

குடங்களோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். ஊரின் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. அதைத் தாண்ட அவனுக்குத் தைரியம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டான். "மேட்டுக்கரை மாரியம்மா" என்று தொடங்கினான்.

மேகம் எதுவும் வரவில்லை. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. படுத்திருந்த வெள்ளாடு எழுந்து நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தெருக்கோடிக்கு நடந்தது. இருந்தாலும் அது மேட்டுக்கரை அம்மனின் பாட்டு. வேறு எந்த ஊரிலும் இல்லாத பாட்டு. செல்லாத்தாள் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஹாரனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அதை இனிக் கழற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது அடி முடிவதற்குள், காதைப் பொத்திக்கொண்டு மரத்தின் மேலிருந்து ராக்கியண்ணன் கேட்டான்: "ஏனுங்கக்கா, ஹாரனை அக்கரைப் பக்கமாத் திருப்பி வெச்சரட்டுங்களா?"

செல்லாத்தாள் குளத்துக்கு அக்கரையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம். ஒரு வார்த்தைதானே கேட்டாங்க. அதுக்கு இவ்வளவு பெரிய தண்டனை எதுக்கு."