பல் பிடுங்கிய அன்று வந்த விருந்தாளி

மரமெல்லாம் வாய் திறந்து பேசி, மனுஷர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது கொன்றை நாட்டில் ஈச்சம்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊரில் வேலப்பன் என்று ஒரு விறகுவெட்டி. அவனுக்கு ஒரே மகள், பெயர் அரியநாச்சி. தாயில்லாத பிள்ளை. நாச்சி, நாச்சி என்று அப்பன் அவளைத் தாங்குவான்.

நாச்சியின் கடைவாய்ப் பல்லுக்குள் ஒரு வலிப்பூதம் குடியேறிவிட்டது. குடியேறினது சும்மா இருக்குமா? அவள் தின்கிற தித்திப்பையெல்லாம் திருடித் தின்றுவிட்டு, உள்ளே உட்கார்ந்து டொக்கு டொக்கு என்று தட்டும். பிள்ளைக்குச் சோறு இல்லை, தூக்கம் இல்லை. அவள் அழ, பக்கத்தில் அப்பனும் அழ, விடிந்தால் இரண்டு பேருக்கும் முகம் வீங்கியிருக்கும்.

கடைசியில் பல் வைத்தியர் சடையப்பர் வந்தார். வாயை மரத்துப்போக வைத்து, மந்திரக் குறடால் பல்லைப் பிடுங்கினார். பல்லோடு பூதமும் வெளியே விழுந்து ஓடியது. பள்ளத்தில் பஞ்சை வைத்து, "கடிச்சுக்கோ தாயி" என்றார். பிறகு இருவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பள்ளத்துல ரத்தம் உறைஞ்சு நிக்கும். அதுதான் கதவு. பொழுது சாயறதுக்குள்ள அது இறுகிடணும். உறிஞ்சக் கூடாது, சூடு ஆகாது, துப்பவும் கூடாது. கதவு பேர்ந்துச்சுன்னா பூதம் திரும்ப உள்ள வந்துடும்."

வேலப்பன் தலையை ஆட்டினான். ஆட்டினானே தவிர, பாதிதான் காதில் விழுந்தது. மரத்தை வெட்டிச் சாய்க்கிற ஆளுக்கு, துளி ரத்தம் பார்த்தால் கண் இருட்டிக்கொண்டு வரும்.

ஈச்சம்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க யாராவது எதையாவது கொண்டுவந்தால், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஏழு தெருவுக்கும் பகை. பூதத்துக்கு அது நன்றாகவே தெரியும்.

முதலில் இளநீர்க்காரனாக வந்தது. "பாவம் பிள்ளை, வாய் உலர்ந்திருக்கும். இந்தாங்க, பப்பாளிக் காம்பு வச்சு உறிஞ்சச் சொல்லுங்க."

நாச்சி பஞ்சைக் கடித்தபடி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? வேலப்பன் தானே உறிஞ்சிக் குடித்துவிட்டான். பூதம் பல்லைக் கடித்துக்கொண்டு போயிற்று.

அடுத்து மூன்றாம் வீட்டு மாரக்காளாக வந்தது. கையில் ஆவி பறக்கிற மிளகு ரசம். "ஒரு வாய் குடிச்சான்னா வலி பறந்துடும், அண்ணே."

நாச்சி மறுபடியும் தலையை ஆட்டினாள். வேலப்பன் என்ன செய்வான்? அதையும் மடமடவென்று குடித்தான். நாக்கு வெந்து, வீட்டைச் சுற்றி ஓடினான். பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் பஞ்சு விழும், அதனால் மூக்கால் சிரித்தாள்.

பொழுது இறங்க இறங்க, பூதம் மூன்றாம் தடவை வந்தது. இந்தத் தடவை ஊர்த் தலைவர் கிராமணியார் வேஷம். கையில் எச்சில் துப்புகிற பித்தளைப் படிக்கம்.

"வாயில ரத்தத்தை வச்சுக்கிட்டு இருக்கலாமா? துப்பிடு கண்ணு" என்றது.

"ஆமாம்மா, துப்பிடு. ஐயா சொல்றது நியாயம்தானே" என்றான் வேலப்பன்.

நாச்சிக்குத் திக்கென்றது. இதை அப்பா குடித்துத் தீர்க்க முடியாது. வாய் நிறைய எச்சில். உப்புக் கரிக்கிறது, குமட்டுகிறது. துப்பினால் நிம்மதி. ஆனால் துப்பினால் மறுபடியும் டொக்கு டொக்கு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழுவார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடக்கென்று விழுங்கிவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. கதவு இறுகியது. கிராமணியார் சுருங்கிச் சுருங்கி, கட்டைவிரல் அளவுக் கறுப்புப் பூதமாகித் தரையில் விழுந்தார். வேலப்பனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஆத்திரத்தோடு கோடாலியை எடுத்தான்.

பூதம் ஓடவில்லை. படிக்கத்தில் சாய்ந்து அழுதது. "எனக்கு வேற வீடு இல்ல. பசிக்குது."

நாச்சி மெல்லப் பஞ்சை எடுத்தாள். பள்ளத்தில் ரத்தம் நின்றிருந்தது. வாய் இன்னும் மரத்துத்தான் இருந்தது.

"விடுப்பா. பாவம். இதுவும் நம்ம வீடு தேடித்தானே வந்துச்சு."

அப்பன் அவளுக்கென்று தயிர் ஊற்றிக் கரைத்து வைத்திருந்த ஆறின கஞ்சியில், ஒரு கரண்டி எடுத்துத் தன் கையால் அதன் முன்னே நீட்டினாள். அத்தனை நாளும் திருடியே தின்ற பூதம், கொடுத்ததைத் தின்றது அன்றைக்குத்தான்.

அவ்வளவுதான். கறுப்பு உதிர்ந்தது. அங்கே தொந்தியும் தலைப்பாகையுமாக ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார். அரண்மனை மிட்டாய்க்காரர் பொன்னுரங்கம். பசித்து வந்த பிள்ளைகளை வாசலிலேயே விரட்டியவர். ஒரு பிள்ளை தன் கையால் சோறு போடும்வரை பூதமாய்த் திரி என்று சாபம் வாங்கியவர்.

அவர் நாச்சியின் காலடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தாயி, நாளைக்கு உனக்கு என்ன செஞ்சு தரட்டும்? அல்வாவா, பால்கோவாவா?"

"நாளைக்கு வெதுவெதுன்னு உப்புத் தண்ணி போதும். அல்வா அப்புறம். வாசலுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு முதல்ல குடுங்க" என்றாள் நாச்சி.

மிச்சக் கஞ்சியைக் குடித்தாள். தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தவள், விளக்கு ஏற்றுவதற்கு முன்பே தூங்கிப்போனாள். எவ்வளவு நாளைக்கப்புறம் தூக்கம்! வேலப்பன் மட்டும் படுக்கவில்லை. அழுகைச் சத்தம் வருமா, வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வரவேயில்லை. மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அதைக் கேட்டுக்கேட்டு அவனுக்குக் கண் நிறைந்தது.

பிள்ளை தூங்குகிறாள். நாமும் சத்தம் போடாமல் எழுந்து போவோம், வாங்க.