ஏரிக்குக் கட்டிய சேலை

ஓர் ஊரில் ஓர் ஏரி இருந்தது. இருந்தது என்றா சொன்னேன்? இப்போதும் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், குட்டையாகச் சுருங்கிப்போய். ஏரிக்கரைத் தெரு என்று பலகை மட்டும் பளபளவென்று நிற்கிறது. கரையைத்தான் காணோம்.

கரை போனதில்தான் ஏரிக்குப் பெரிய துக்கம். அந்தக் கரையில்தான் பெண்கள் துணி துவைத்துக் காயப்போடுவார்கள். வரிசையாகச் சேலைகள் கிடக்கும். மாமியாரைப் பற்றி ஒருத்தி புலம்புவாள், இன்னொருத்தி சிரிப்பாள், ஏரி எல்லாவற்றையும் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். என்ன கலகலப்பு அது! இப்போது மழை பெய்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. வீடுகளுக்குள் போய் நிற்கிறது. பாழாய்ப்போன ஏரி என்று ஊரே கரித்துக்கொட்டுகிறது. கேட்டுக் கேட்டு அதற்கு மனசு விட்டுப்போயிற்று.

அதிகம் திட்டியவள் பூங்காவனம். வருஷா வருஷம் மெத்தை நனைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மிச்சமிருக்கிற குட்டையையும் மண் போட்டு மூடச் சொல்லிக் கூட்டம் சேர்த்தவளும் அவள்தான். மூடுவதாக முடிவும் ஆயிற்று. மண் லாரி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஏரிக்கு உதறல் எடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் படம் வரைகிற தமயந்தி அந்தத் தெருவுக்கு வந்தாள். வந்தவள் தூரிகையைத் தொடவே இல்லை. வீட்டுக்கு ஒரு பழைய சேலை கேட்டாள். பழைய கரை போன வழியிலேயே சேலைகளை ஒன்றோடொன்று முடிந்து கட்டிக்கொண்டு போகலாம், எல்லாரும் கை கொடுத்தால்தான் இந்தப் படம் முழுசாகும் என்றாள். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, மதகு இங்கே இல்லை, ஜெராக்ஸ் கடைப் பக்கம் என்று திருத்தினாள். நாவல் மரம் நின்ற இடத்தில்தான் உங்கள் கார் நிற்கிறது என்று ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். அவ்வளவுதான், ஆளாளுக்குச் சேலையோடு கிளம்பிவிட்டார்கள்.

பூங்காவனம் மட்டும் சேர மாட்டேன் என்றாள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். சேலை வரிசை தன் வீட்டுக்கும் குட்டைக்கும் நடுவே போகும் என்று நினைத்திருந்தாள். அதுவோ அவள் வீட்டுக்குப் பின்புறமாக வளைந்து போயிற்று.

"அப்ப நான் ஏரிக்குள்ளயா குடியிருக்கேன்?" என்று தமயந்தியைக் கேட்டாள்.

"ஆமாக்கா."

பூங்காவனம் குட்டையைத் திரும்பிப் பார்த்தாள். குட்டையையும் மூடிவிட்டால் அங்கே நிற்கிற தண்ணீர் எங்கே வரும்? நேரே தன் வீட்டுக்குத்தான்! உள்ளே ஓடி, பெட்டியின் அடியில் கிடந்த சிவப்புக் கரை போட்ட சுங்குடிச் சேலையை எடுத்து வந்தாள். வரிசையில் ஓர் இடம்தான் பாக்கி இருந்தது, குட்டைக்கு லாரி போகிற பாதை. அதன் குறுக்கே கட்டினாள்.

ஏரி அந்தச் சேலையிடம் மெல்லக் கேட்டது: "யாரும்மா நீ?"

"கரை போட்ட சுங்குடி. புதுசுல உங்கிட்டதான் மொத முழுக்கு. சாயம் போயி உன்னையே செவப்பாக்கினேனே, மறந்துட்டியா?"

ஏரிக்கு நினைவு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாகத் தளும்பியது. என் கரை திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டது. சுங்குடிக்குச் சங்கடமாகப் போயிற்று. நான் வெறும் நூல் கரை, ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தாங்க மாட்டேன் என்று உண்மையைச் சொன்னது.

அப்போது லாரி வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். யாரும் நகரவில்லை. இறங்கி வந்து, சேலையை அவிழ்த்து வழிவிடச் சொன்னார்.

"தெருவுல இருக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் கட்டின சேலை தம்பி. மனசு வந்தா நீயே உருவிக்கோ," என்றாள் பூங்காவனம்.

முடிச்சுவரை போன அவர் கை கூசிப்போய்த் திரும்பியது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். யாருக்கோ போன் போட்டு, என்னால் முடியாது என்றார். லாரி மண்ணோடு பின்னால் போயிற்று.

ஏரி சுங்குடியிடம் சொன்னது:

"தண்ணியத் தாங்கற கரை எனக்கு முன்னாடியே இருந்துச்சுடி. மண்ணைத் தடுக்கற கரைதான் இல்லாம இருந்துச்சு."