ஆபெல் கோட்டைவிட்ட பெனால்டி

அர்ஜென்டினாவில் ரொசாரியோ நகரத்தை ஒட்டி ஒரு பேட்டை. அங்கே பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர் ஆபெல் பிஸ்காரோ. ஒரு காலத்தில் பேர்போன ஆட்டக்காரர். பேர்போன என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்குத்தான், நாலு பஸ் நிறுத்தம் தாண்டினால் "யாரு?" என்பார்கள்.

அவரிடம் பயிற்சியாளர் வேலை பழகிக்கொண்டிருந்தவன் ரமீரோ. முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவன். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் கடைசிப் பெனால்டிக்கு ஆளை அனுப்பியது அவன்தான். அந்தப் பையன் அடித்தது கோலாகவில்லை. கோப்பை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்புக்குப் போய்விட்டது. அதிலிருந்து ரமீரோ ரொட்டி வாங்கப் போனாலும் வசவுதான்.

மறுநாள் விசிலைக் கழற்றி ஆபெலின் மேசையில் வைத்தான்.

"அவமானம் தாங்க முடியலை மாஸ்டர். நமக்கு இது சரிப்படாது. நான் போறேன்."

"சரி, போ. அதுக்கு முன்னாடி நான் முடி வெட்டிக்கணும். கூட வா."

தண்டவாளத்தைத் தாண்டி எதிரிப் பேட்டைக்கே கூட்டிப்போனார். சலூனுக்குள் நுழைந்ததும் ஒரே ஆரவாரம்.

"அடடே, எங்க குலசாமி வந்தாச்சு! பெனால்டியைக் கோட்டைவிட்ட புண்ணியவான்! உட்காருங்க, உட்காருங்க!"

ஒருவர் தான் உறிஞ்சிக்கொண்டிருந்த மாத்தே பானத்தை நீட்டினார். இன்னொருவர் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டார். ஆபெல் இளவயதில் தவறவிட்ட பெனால்டியால்தான் அவர்களுக்கு முதல் கோப்பை கிடைத்ததாம். அதே பெனால்டிக்காகச் சொந்தப் பேட்டையில் அவரைத் திட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

"அன்னைக்கு உங்க கோல்கீப்பர் யாருப்பா?" என்று ஆபெல் கேட்டார்.

எல்லோரும் யோசித்தார்கள். ஒருவர் ஒரு பேர் சொன்னார்.

"அட போய்யா, அவன் அதுக்கப்புறம் வந்தவன்" என்றார் இன்னொருவர்.

பேச்சு சண்டையாக முற்றியது. அது தீர்வதற்குள் முடிவெட்டு முடிந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் ரமீரோ கேட்டான்:

"அங்கே திட்டுறாங்க, இங்கே கொண்டாடுறாங்க. எது நிஜம் மாஸ்டர்?"

"நான் நல்லாத்தான் அடிச்சேன். அந்தக் கோல்கீப்பர் அதைவிட நல்லாப் பாய்ஞ்சான். பந்து அவன் விரல்ல பட்டு வெளியே போச்சு. நடந்தது அவ்வளவுதான்."

தண்டவாளத்தைத் தாண்டினார்கள்.

"ஆமா, நீ அனுப்பின பையன் எப்படி அடிச்சான்?"



"நான் பார்க்கலை மாஸ்டர்."

"ஏன், எங்கே போயிருந்தே?"

"அங்கேயேதான் நின்னேன். கூட்டத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"சாயங்காலம் அவன் மைதானத்துக்கு வருவான்" என்றார் ஆபெல். "இன்னொரு தடவை அடிக்கச் சொல்லு. இந்தத் தடவை நீயும் பாரு."