அத்திக்கட்டையில திலகம்

டேய், உக்காருங்கப்பா. பேச்ச நிறுத்துங்க. முத்துவீரா, ஒங்கொறட்டைய வீட்டுல போயி விட்டுக்க.

நான் உப்புத்தாள் தேய்க்கிற மரச்சிற்பப் பட்டறை தெரியும்ல? அங்க குரு செங்கமலம். அதோட அப்பாவுக்கு அப்புறம் அந்தப் பொண்ணுதான் பட்டறைய நடத்துது. ஒரு நாளுல நாலு வார்த்த பேசிட்டா அன்னிக்கு ஊருல மழை.

சிஷ்யன் யாருங்கிற? செங்கமலத்தோட அக்கா புருஷன் மாசிலாமணி. வயசுல பெரியவரு. லாரி ஓட்டுன மனுசன், உளியக்கூட கியரு மாதிரிதான் புடிப்பாரு. நான் பக்கத்துல நின்னு "டுர்ர்ர்"னு சத்தம் குடுப்பேன். சிரிப்பாரு.

ஐப்பசியில அவரு சம்சாரம் திலகம் செத்துப்போச்சு. அதுலேருந்து நான் அந்தச் சத்தம் குடுக்கறதில்ல.

பங்குனித் திருவிழாவுக்கு அத்திமரத்துல ஒரு அம்மன். முகத்த அவருதான் செதுக்குனாரு. கண்ணு தொறக்கறது ஒண்ணுதான் பாக்கி. அதத் தொறந்தாத்தான் கட்டை சாமியாகும், அது எப்பவும் கடைசி வேலை.

கண்ணு தொறக்க வேண்டிய அன்னிக்கு அவரு உளியக் கீழ வச்சுட்டாரு.

"செங்கமலம், தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன மாமா?"

"திலகத்த செதுக்கிட்டேன்."

எனக்குக் கை நின்னுபோச்சு. மனுச மூஞ்சி சாமிக்கு வரக்கூடாது. வந்துட்டா கண்ணு தொறக்காம அடுப்புல வச்சு எரிச்சிரணும். எங்க பட்டறை வழக்கம் அது.

"அவள ஒருக்கா சுடுகாட்டுல எரிச்சாச்சு. இன்னொருக்கா எப்படிம்மா எரிப்பேன்? அவ சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ கெடையாது. கேமராவப் பாத்தா முந்தானையால வாயப் பொத்திக்குவா. இது ஒண்ணுதான் இருக்கு."

செங்கமலம் குனிஞ்சு மரத்தூள ஊதுச்சு. அம்மனுக்கு ரெண்டு கன்னத்துலயும் குழி.

"அக்கா சிரிச்சா எந்தக் கன்னத்துல குழி விழும் மாமா?"

"இதென்ன கேள்வி? எடது..."

கை எடது கன்னத்துக்குப் போச்சு. அப்புறம் வலதுக்கு. அப்புறம் மடியில விழுந்துருச்சு.

"ஒரு பக்கந்தான். எந்தப் பக்கம்னு வரமாட்டேங்குது. அதான் ரெண்டுலயும் போட்டுட்டேன். நீ சொல்லும்மா. கூடப்பொறந்தவளாச்சே."

 

செங்கமலம் சின்ன உளிய எடுத்து அவரு கையில வச்சுது.

"எனக்கும் மறந்துபோச்சு மாமா. ரெண்டு குழி இருக்கே, இது எங்கக்கா இல்ல, அம்மன். கண்ணத் தொறங்க."