முதலாளி பேச்சுக்கு மட்டும் எதிரொலி

புது அரங்கத்தின் திறப்பு விழாவில் எல்லார் பேச்சும் தெளிவாகக் கேட்டது. முதலாளி சிங்காரவடிவேலு பேசும்போது மட்டும் கணகணவென்று எதிரொலித்தது. கட்டுவதற்கு முன்பே அரங்கத்தில் ஒலி எப்படிக் கேட்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த பூங்கோதையை மேடைக்கே கூப்பிட்டார்.

"எதிரொலி வராதுன்னியே. இப்பவே சரிபண்ணு, இல்ல வேலையை விட்டுக் கிளம்பு."

பூங்கோதைக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"சத்தத்தைக் குடிக்கிறது பாதி சுவர்த் திரை, மீதி உட்கார்ந்திருக்கிற ஜனம், முதலாளி. நாற்காலி பூராவும் ஆளைப் போட்டுத்தான் ஓட்டிப் பார்த்தேன். நீங்க பேசுவீங்கன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"நான் பேசினா?"

"திரும்பிப் பாருங்க. பாதிப் பேச்சுலயே எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்க."

காலி நாற்காலிகளைப் பார்த்த முதலாளி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வேலையில நீயே இரும்மா. முதல்ல ஓடிப்போய் எனக்கொரு இலை பிடி."