புளிக்காய்ச்சலுக்கு எத்தனை விளக்கு

குருவைத் தேடி மலை ஏறியவர்கள் உண்டு. தணிகாசலம் லிஃப்டில் போனார்.

திருச்சியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல்மாடியில் ஃபர்ஹானா இருந்தாள். நகைக் கடைகளுக்கும் பலகாரக் கடைகளுக்கும் பொருள்களைப் படம் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். தணிகாசலத்தின் மகளைவிட இளையவள்.

தணிகாசலம் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவன் நான் என்று சொல்லிக்கொள்வார். அதனால் லிஃப்டுக்குள் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

எல்லாம் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலால் வந்தது.

அவர் மனைவி மங்கையர்க்கரசி புளிக்காய்ச்சல் செய்து, சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து விற்கிறார். சென்னையில் ஒரு பெரிய கடை அதைத் தீபாவளிப் பரிசுப் பெட்டியில் சேர்க்க முன்வந்தது. ருசியில் அவர்களுக்குக் குறை இல்லை. நல்ல படம் ஒன்று மட்டும் வேண்டும் என்றார்கள், வெள்ளிக்கிழமைக்குள்.

அந்தப் பொறுப்பைத் தணிகாசலம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது.

முதல் படத்தைப் பார்த்துவிட்டு, வண்டிக்குப் போடும் கிரீஸ் மாதிரி தெரிகிறது என்று கடையிலிருந்து சொன்னார்கள். பணிவாகத்தான் சொன்னார்கள். தணிகாசலம் உடனே போய் ஒரு ரிங் லைட் வாங்கி வந்தார். இரண்டாவது படத்தில் பாட்டிலின் நடுவே ஒரு வெள்ளை வளையம் விழுந்திருந்தது. வளையத்துக்குள் தணிகாசலம் பனியனோடு நின்றார்.

“மேல போய் அந்தப் பொண்ணைக் கேட்டுப் பாருங்க,” என்றார் மங்கையர்க்கரசி. “இல்லன்னா அவளையே எடுக்கச் சொல்லிடலாம்.”

இரண்டாவது வாக்கியம்தான் அவரை லிஃப்டில் ஏற்றியது.

ஃபர்ஹானா கதவைத் திறந்தாள்.

“இன்னையிலேர்ந்து நீங்கதான் எனக்கு குரு,” என்றார் தணிகாசலம்.

“உள்ள வாங்க சார்.”

“உட்கார நேரமில்லை. ஒரே ஒரு கேள்வி. எந்த விளக்கு வாங்கணும்?”

“வீட்ல என்னென்ன இருக்கு?”

“நிறைய இருக்கு.”

“எல்லாத்தையும் போட்டு வைங்க. சாயங்காலம் வர்றேன்.”

சாயங்காலம் அவள் வந்தபோது தணிகாசலத்தின் வீட்டு ஹாலில் நிற்க முடியவில்லை. டியூப் லைட்டுகள், ரிங் லைட், எமர்ஜென்சி விளக்கு, டார்ச், முருகன் படத்தைச் சுற்றியிருந்த சீரியல் பல்புகள், எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, விசேஷமா என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். இவ்வளவுக்கும் நடுவே, சாப்பாட்டு மேசையில் அந்த பாட்டில் கருகருவென்று உட்கார்ந்திருந்தது.

ஃபர்ஹானா பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“அந்த இடத்துல நீங்க உட்காருங்க சார்.”

உட்கார்ந்தார். அவர் கண் கூசியது. ஃபர்ஹானா போனில் ஒரு படம் எடுத்து அவரிடம் காட்டினாள்.

“இது யார்?”

தணிகாசலம் பார்த்தார்.

“ஆதார் கார்டுல இருக்கிறவன்.”

ஃபர்ஹானா ஒவ்வொரு விளக்காக அணைக்க ஆரம்பித்தாள். ஒன்று அணையும்போதெல்லாம் அவர் கை தானாகப் போனைத் தேடியது. மின்வாரியத்துப் பழக்கம். கடைசியில், மகள் படித்த காலத்து மேசை விளக்கு ஒன்றுதான் எரிந்தது. அதையும் அணைத்துவிட்டு ஃபர்ஹானா ஜன்னல் பக்கம் திரும்பினாள். மிச்சமிருந்த சாயங்கால வெளிச்சத்தில் பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

“இது என்ன நிறம் சார்?”

“கருப்பு.”

“நல்லா பார்த்துச் சொல்லுங்க.”

“கருப்புதாம்மா. வாராவாரம் சாப்பிடறேன், எனக்குத் தெரியாதா?”

“வெள்ளைத் துணி ஏதாவது இருக்கா?”

“வேட்டி இருக்கு.”

கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியை எடுத்து வந்தார். ஃபர்ஹானா அதை இரண்டு நாற்காலிகளுக்கு இடையே திரைபோலக் கட்டினாள். வேட்டிக்குப் பின்னால் மேசை விளக்கு, முன்னால் பாட்டில். போனைப் பிடித்துப் பார்த்தாள்.

“பின்னாடி ஒரு பச்சைக் கோடு தெரியுது சார்.”

“கரை.”

“திருப்பிப் போடுங்க.”

திருப்பிப் போட்டார். பிறந்தநாள் கேக் வந்த அட்டைப் பெட்டி ஒன்று அலமாரி மேல் கிடந்தது. அதன் மூடியைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் பாட்டிலைப் பார்க்கும்படி முன்னால் சாய்த்து வைத்தாள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் லேபிளின் எழுத்து தெரியும் என்றாள்.

“இப்ப விளக்கைப் போடுங்க.”

தணிகாசலம் போட்டார்.

வெளிச்சம் பாட்டிலை ஊடுருவி வந்ததில், மேல்பகுதியில் நல்லெண்ணெய் பொன்னாக நின்றது. அதற்குக் கீழே, ஓரமெல்லாம் மாதுளைச் சாறு போல ஒரு சிவப்பு. கண்ணாடியை ஒட்டியிருந்த நிலக்கடலையும் மிளகாய்த் துண்டும் தனித்தனியாகத் தெரிந்தன.

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“மங்கை, இங்க வாயேன். இது சிவப்பா இருக்கு.”

மங்கையர்க்கரசி கரண்டியோடு வந்தார். பாட்டிலைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து சிவப்புதாங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஃபர்ஹானா போனைத் தணிகாசலத்திடம் நீட்டினாள்.

“நீங்களே எடுங்க சார்.”

எடுத்தார். இன்னொன்றும் எடுத்தார்.

கடையிலிருந்து அன்றே பதில் வந்தது, பார்க்கும்போதே நாக்கில் நீர் ஊறுகிறது என்று. புளிக்காய்ச்சல் பரிசுப் பெட்டியில் ஏறியது. ரிங் லைட் பரணில் ஏறியது. மங்கையர்க்கரசி மேல்மாடிக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார்.

அதன் பிறகு தணிகாசலத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒரே உபதேசம்தான்.

“வெளிச்சம் பின்னால இருக்கணும்.”

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இதைக் குரல் பதிவாகவே போட்டார். மைத்துனர் மகனின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பெரிய ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தித் தானே படம் எடுத்தார். படத்தில் யார் மாப்பிள்ளை, யார் பெண் என்று புடவையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மைத்துனர் மட்டும் சில நாள் பேசவில்லை.

பொங்கலுக்கு அந்தக் கடை மங்கையர்க்கரசியிடம் பருப்புப் பொடி கேட்டது. படத்தோடு கேட்டது.

“அது ஒண்ணும் பெரிய வேலை இல்லை,” என்றார் தணிகாசலம்.

வேட்டியைக் கட்டினார். விளக்கைப் பின்னால் வைத்தார். அட்டையைச் சாய்த்தார். படம் எடுத்தார். வெள்ளை வெளேரென்ற திரைக்கு முன்னால், எரிந்து அணைந்த கட்டைபோல ஏதோ ஒன்று நின்றது.

விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். கட்டை நின்றது. கிட்டே வைத்தார். கட்டை இன்னும் கருப்பானது. வேட்டி நைந்துவிட்டதோ என்று புது வேட்டி ஒன்றைப் பிரித்துக் கட்டினார். மத்தியானம் சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், இருப்பதில் நல்லது என்று ஒன்றைப் பொறுக்கிக் கடைக்கு அனுப்பினார்.

பாட்டிலில் கரித்தூளா என்று அவர்கள் கேட்டார்கள்.

மங்கையர்க்கரசி மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான்.

இந்த முறை லிஃப்டில் தணிகாசலத்துக்குக் கூச்சம் இல்லை. கோபம் இருந்தது.

“குருவே, வித்தையில ஏதோ ஒண்ணை எங்கிட்ட மறைச்சுட்டீங்க,” என்றார் வாசலிலேயே.

ஃபர்ஹானா போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

“விளக்கு எங்க வச்சீங்க?”

“பின்னால.”

“துணி?”

“வேட்டிதான். கரையைத் திருப்பிப் போட்டேன்.”

“அட்டை?”

“முன்னால. அதே கேக் மூடி.”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் இப்படி வருது?”

“பாட்டில்ல என்ன சார்?”

“பருப்புப் பொடி.”

ஃபர்ஹானா போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“நான் சொன்னது புளிக்காய்ச்சலுக்கு.”