இருபத்திரண்டு கம்ப்யூட்டரும் ஒரு சட்டி மைதாப் பசையும்

மணிமேடு ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை தேறும். அதையும் யாரும் புழங்கி அழுக்காக்கியதில்லை. தலைவர் செண்பகராமன், அவருக்குக் கீழே இன்னாசியும் தில்லையும்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு இருமல் மருந்தைத் தடை செய்து, தலைமை அலுவலகம் புது மருந்துப் பட்டியல் அனுப்பியது. ஆஸ்பத்திரியின் இருபத்திரண்டு கம்ப்யூட்டரும் நினைவில் எடுத்து வைத்திருந்த பழைய நகலையே காட்டிக்கொண்டிருந்தன. டாக்டர்களும் அதைப் பார்த்து அதே மருந்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தலைமை அலுவலக இன்ஜினியர் பர்வீன் பதறிப்போய் போன் செய்தார்.

"சார், ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பியிருக்கேன். எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓட்டுங்க. பழசா தேங்கிக் கிடக்கிற கேஷ் எல்லாம் காலியாகணும். அடம்பிடிச்சா கட்டாயப்படுத்துங்க."

ஓட்டுங்க என்றது செண்பகராமன் காதில் ஒட்டுங்க என்று விழுந்தது. பழைய நகலைக் குறிக்கும் கேஷ், நோயாளியைக் குறிக்கும் கேஸ் ஆகிவிட்டது.

கம்ப்யூட்டருக்கான கட்டளைகள் அடங்கிய அந்த ஸ்கிரிப்டை இருபத்திரண்டு பிரதி அச்செடுத்தார்கள். கேன்டீனில் மைதாப் பசை காய்ச்சினார்கள்.

"அண்ணே, திரையில ஒட்டினா ஒண்ணுமே தெரியாதே?" என்றான் இன்னாசி.

"மடையா, பழைய பட்டியல் தெரியறதுதானே பிரச்சினை?" என்றார் செண்பகராமன்.

தில்லைக்குப் புல்லரித்தது. "இந்த அறிவுக்குத்தாண்ணே உங்களைத் தலைவராப் போட்டிருக்காங்க."

அரை மணி நேரத்தில் எல்லாத் திரையும் மூடியாயிற்று. அடுத்தது கேஸ்.

"எது பழைய கேஸ்?" என்றான் இன்னாசி.

"ஒரு வாரத்துக்கு மேல படுத்திருக்கிறவன் எல்லாம் பழைய கேஸ்."

பதினொரு நோயாளிகளைக் கட்டிலோடு உருட்டி வண்டி நிறுத்துமிடத்தில் விட்டார்கள். காலில் மாவுக்கட்டு போட்ட லாரி டிரைவர் ஒருவர் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்.

"அடம்பிடிக்குது அண்ணே," என்றான் தில்லை.

"அப்ப கட்டாயப்படுத்து."

நர்ஸ் சூசையம்மாள் ஓடிவந்து கத்தினார். "பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னா வார்டையே காலி பண்றீங்களே, பாவிங்களா!"

"மேலிடத்து உத்தரவும்மா," என்றார் செண்பகராமன் அடக்கமாக.

சூசையம்மாள் பர்வீனுக்கே போன் போட்டார். மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து இறங்கிய பர்வீன், முதலில் நோயாளிகளை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனார்கள், ஆளுக்கொரு புதுச் சீட்டுப் போட்டு, புதுக் கேஸாக.

பிறகு பர்வீன் ஒவ்வொரு திரையிலும் இருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிமிடம். இருபத்திரண்டிலும் புதுப் பட்டியல் வந்துவிட்டது. தடை செய்த மருந்தைக் காணோம்.

"இனிமே தினமும் தானா ஓடும்," என்றார் பர்வீன், களைத்துப்போய். "நீங்க எதையும் தொட வேண்டாம். பார்த்துக்கிட்டா போதும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகத்தில் கலவரம்.

பர்வீன் கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், எல்லா அறையிலும் திரைகள் இருண்டு கிடந்தன. வாசலில் செண்பகராமன் வேர்க்க விறுவிறுக்க நின்றார்.

"கவலைப்படாமப் போங்க மேடம். இருபத்திரண்டையும் மேஜைக் காலோட சேர்த்து இறுக்கிக் கட்டியாச்சு. கயிறு பத்தல, அதது ஒயரைப் பிடுங்கி அததாலேயே கட்டிட்டோம். இனிமே ஒண்ணுகூட எங்கேயும் ஓடாது!"